விசை எவ்வளவு என்று கேட்டால், முதலில் எந்த விசை, எதன் திணிவு என்று பாருங்கள்

"திணிவு 5 கிலோகிராம், ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) 2 மீ/செ², விசை எவ்வளவு?" என்று கேட்டால் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற எந்தப் பிள்ளையும் 10 நியூற்றன் என்று உடனே சொல்லும். அதே பிள்ளை உயர்தரத்துக்கு வந்ததும் ஒரு லிப்ட் கணக்கில் தடுமாறும், கப்பிக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். பெருக்கத் தெரியாமல் இல்லை. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம், அதன்மேல் என்னென்ன விசைகள் தாக்குகின்றன என்பதைத் தீர்மானிக்காமலே பெருக்கத் தொடங்குவதுதான் காரணம். புள்ளி போவது அநேகமாக இந்த ஓர் இடத்தில்தான். அதனால் இந்தப் பதிவில் சூத்திரத்தைவிட அதற்கு முந்திய வேலையைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

சமன்பாட்டை முழுமையாக எழுதினால் இப்படி வரும்:

விளையுள் விசை = பொருளின் திணிவு × அந்தப் பொருளின் ஆர்முடுகல்

"விளையுள்" என்ற சொல்லை விட்டுவிட்டால் பாதி விதி போய்விடும். பொருளைத் தாக்கும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிக் கழித்து மிஞ்சுவதுதான் இடப்பக்கம். வலப்பக்கத்திலுள்ள பெருக்கம் தனியான ஒரு விசை அல்ல. படம் வரைந்து, அதில் நிறை (பூமி இழுக்கும் விசை), இழுவை (இழை இழுக்கும் விசை), மறுதாக்கம் (தொடும் தளம் திருப்பித் தள்ளும் விசை) எல்லாவற்றையும் குறித்துவிட்டு, "திணிவு × ஆர்முடுகல்" என்று இன்னோர் அம்புக்குறியும் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த அம்புக்குறி படத்தில் வரவே கூடாது. ஆர்முடுகலின் திசையைக் காட்ட வேண்டுமென்றால் பொருளுக்கு வெளியே, இரட்டை அம்புக்குறியாகப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு புறக்கோட்டையில் தள்ளுவண்டி தள்ளுகிற அண்ணன்மாரைப் பார்த்தால் விளையுள் விசை என்றால் என்னவென்று கண்ணால் காணலாம். 50 கிலோ அரிசி மூட்டை நான்கு, வண்டி 60 கிலோ, ஆக மொத்தம் 260 கிலோகிராம் என்று வைப்போம். நின்ற வண்டி 3 செக்கனில் 1.5 மீ/செ வேகத்துக்கு வருகிறது. ஆர்முடுகல் 1.5 ÷ 3 = 0.5 மீ/செ². பெருக்கினால் 260 × 0.5 = 130 நியூற்றன். பலர் இந்த இடத்தில் விடையை எழுதிவிடுகிறார்கள், "அவர் 130 நியூற்றனால் தள்ளுகிறார்" என்று. அவர் தள்ளுவது 130 அல்ல. சில்லுகளும் தெருவும் அச்சும் சேர்ந்து கொடுக்கிற தடை 90 நியூற்றன் என்றால், தள்ளும் விசையிலிருந்து அந்த 90 ஐக் கழித்தபின் மிஞ்சுவதுதான் 130. ஆகவே தள்ளும் விசை 220 நியூற்றன்.

வண்டி 1.5 மீ/செ வேகத்தைப் பிடித்தபின் அவர் அதே வேகத்தில் போகிறார். ஆர்முடுகல் பூச்சியம், விளையுள் விசை பூச்சியம். ஆனால் அவருடைய கை சும்மா இல்லை, 90 நியூற்றனால் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. வண்டி ஓடுகிறது என்பதற்காக விளையுள் விசை இருக்க வேண்டியதில்லை, வேகம் மாறும்போது மட்டும்தான் அது இருக்கும். கையை எடுத்துவிட்டால் தடை மட்டும் மிஞ்சும்: 90 ÷ 260, அண்ணளவாக 0.35 மீ/செ² அமர்முடுகலுடன் (வேகம் குறையும் வீதம்) வண்டி நாலேகால் செக்கனில் நின்றுவிடும். வண்டியைக் கிளப்பும் அந்த முதல் மூன்று செக்கனுக்குத்தான் அவர் உடம்பை முன்னே சாய்த்துத் தள்ளுகிறார். பிறகு நிமிர்ந்து நடக்கிறார். 220 க்கும் 90 க்கும் உள்ள வித்தியாசம் அவர் முதுகின் சாய்வில் தெரியும்.

இனி அலகு. ஒரு நியூற்றன் என்பது 1 கிலோகிராம் திணிவுக்கு 1 மீ/செ² ஆர்முடுகலைக் கொடுக்கிற விசை. 1948 இல் நிறைகள், அளவைகள் பற்றிய சர்வதேசப் பொது மாநாடு இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. கையில் உணர வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் 400 கிராம் பால்மா பைக்கற்று ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அது கையை அழுத்துவது கிட்டத்தட்ட 4 நியூற்றன். இந்த உணர்வு இருந்தால் விடை சரியா பிழையா என்று உடனே மட்டுக்கட்டலாம். ஓர் ஆள் 22 000 நியூற்றனால் தள்ளுகிறார் என்று விடை வந்தால், அது இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்குவதற்குச் சமம். எங்கோ கிராமைக் கிலோகிராமாக மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள்.

கிலோகிராமில் திணிவு, நியூற்றனில் நிறை. திணிவு எங்கே போனாலும் மாறாது, நிறை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு நியமப் பெறுமானமாக 9.80665 மீ/செ² என்று 1901 இல் தீர்மானித்தார்கள். கொழும்பு மத்திய கோட்டுக்குக் கிட்ட, ஏழு பாகை அகலக்கோட்டில் இருப்பதால் இங்கே உண்மையான பெறுமானம் கிட்டத்தட்ட 9.78. பூமி சுழல்வதும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதும் இதற்குக் காரணம். உயர்தர வினாத்தாளில் 10 என்று தந்திருந்தால் 10 ஐயே போடுங்கள், 9.8 போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஆய்வுகூடத்தில் அளந்த பெறுமானத்தோடு ஒப்பிடும்போது மட்டும் 9.78 ஐ எடுங்கள். கீழே நான் தரும் கணக்குகளில், வேறாகச் சொல்லாவிட்டால், 10 தான்.

லிப்டுக்கு வருவோம். 60 கிலோகிராம் ஆள் ஒருவர் லிப்டுக்குள் தராசின் மேல் நிற்கிறார். தராசு காட்டுவது அவருடைய நிறையை அல்ல. அவர் காலுக்கும் தராசுக்கும் இடையிலான மறுதாக்கத்தைத்தான் அது அளந்து, கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. அவர்மேல் இரண்டே விசைகள்: கீழே 600 நியூற்றன் நிறை, மேலே மறுதாக்கம். லிப்ட் மேல்நோக்கி 1 மீ/செ² ஆர்முடுகலுடன் கிளம்பினால்:

மறுதாக்கம் − 600 = 60 × 1
மறுதாக்கம் = 660 நியூற்றன்

தராசில் 66 கிலோ தெரியும். நடுவழியில் சீரான வேகத்தில் போகும்போது 60. மேல்மாடியை அண்மித்து வேகம் குறைகிறபோது எவ்வளவு? "லிப்ட் இன்னும் மேலேதானே போகிறது, 60 ஐ விடக் கூடத்தான் இருக்கும்" என்று எழுதினால் பிழை. போகும் திசை மேல், ஆனால் வேகம் குறைவதால் ஆர்முடுகலின் திசை கீழ். 600 − மறுதாக்கம் = 60, ஆகவே மறுதாக்கம் 540 நியூற்றன், தராசில் 54. இறங்கும்போது இதன் மறுதலை: கிளம்பும்போது 54, நிற்கப்போகும்போது 66. சமன்பாட்டுக்கு வேகத்தின் திசை வேண்டியதே இல்லை, ஆர்முடுகலின் திசை மட்டும் போதும். படம் வரைந்தவுடன் அந்த இரட்டை அம்புக்குறியைப் போட்டுவிட்டு, அதே திசையை நேராக எடுத்தால் குறி பிழைக்காது.

இதைத் தராசு இல்லாமலே சோதிக்கலாம். கைத்தொலைபேசிக்குள் ஆர்முடுகலை அளக்கும் ஒரு சிறிய மின்னணுச் சில்லு இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.ரி.எச். பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைபொக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் வாசிப்பை வரைபாகவே போட்டுக் காட்டும். புவியீர்ப்பையும் சேர்த்துக் காட்டுகிற தெரிவை எடுத்து, போனை லிப்ட் தரையில் திரை மேலே பார்க்க வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், கை அசைவெல்லாம் வரைபில் ஏறிவிடும். முதலில் லிப்ட் நிற்கும்போது பத்துச் செக்கன் பதியுங்கள். நிலைக்குத்து அச்சில் 9.78 க்குப் பதிலாக 9.7 அல்லது 9.9 காட்டினால் பயப்பட வேண்டாம், போன் சில்லுகளில் இந்த அளவு விலகல் வழமையானது. ஓய்வில் காட்டிய பெறுமானத்தை எல்லா வாசிப்பிலிருந்தும் கழித்துவிட்டால் மிஞ்சுவது லிப்டின் ஆர்முடுகல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரே தடவையில் பல மாடி போகும்படி பொத்தானை அழுத்துங்கள். ஒரு மாடி மட்டும் போனால் கிளம்பும் மேடும் நிற்கும் பள்ளமும் ஒட்டிக்கொண்டு, நடுவிலுள்ள சமதளமான பகுதி தெரியாமல் போய்விடும்.

அடுத்தது, எதன் திணிவு என்ற கேள்வி. கோட்டை நிலையத்திலிருந்து ஒரு புகைவண்டி புறப்படுகிறது. என்ஜின் 80 தொன், பின்னால் 35 தொன் பெட்டிகள் எட்டு, ஆர்முடுகல் 0.2 மீ/செ², தடைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. முழு வண்டியையும் ஒரே பொருளாக எடுத்தால் 360 000 × 0.2 = 72 000 நியூற்றன். இதுதான் தண்டவாளம் என்ஜினின் சில்லுகளை முன்னோக்கித் தள்ளுகிற விசை. ஆனால் என்ஜினுக்கும் முதலாம் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்பின் இழுவை இதுவல்ல. அந்த இணைப்பு இழுப்பது தனக்குப் பின்னால் உள்ளதை மட்டும்: 280 000 × 0.2 = 56 000 நியூற்றன். கடைசி இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள இணைப்பில் 35 000 × 0.2 = 7 000 நியூற்றன் மட்டுமே. எட்டு இணைப்புகள், எட்டு வெவ்வேறு இழுவைகள், ஆனால் ஆர்முடுகல் ஒன்றே. எங்கே வெட்டிப் பார்க்கிறீர்களோ அதற்கேற்பத் திணிவு மாறும், அதனால் விசையும் மாறும். வெட்டிய இடத்துக்கு வெளியே உள்ளவை பொருளைத் தாக்கும் விசைகளைத்தான் எழுத வேண்டும். உள்ளே ஒன்றையொன்று இழுப்பவை சோடி சோடியாகக் கழிந்துபோகும், அவற்றை எழுதவே வேண்டாம்.

கப்பிக் கணக்கும் இதேதான், வளைத்து வைத்த புகைவண்டி. ஒப்பமான கப்பியின் மேலாகப் போகும் இலேசான நீளாத இழையின் இரு முனைகளிலும் 6 கிலோகிராமும் 4 கிலோகிராமும். முழுத் தொகுதிக்கும்: 60 − 40 = 10 × ஆர்முடுகல், அதாவது 2 மீ/செ². இழுவைக்கு ஏதாவது ஒரு பக்கத்தைத் தனியே எடுங்கள். 4 கிலோகிராமுக்கு: இழுவை − 40 = 4 × 2, இழுவை 48 நியூற்றன். மற்றப் பக்கத்தில் சரி பாருங்கள்: 60 − 48 = 12 = 6 × 2. இழுவை எப்போதும் இரண்டு நிறைகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். 60 க்கு மேலோ 40 க்குக் கீழோ வந்தால் குறி பிழை. 50 என்று சராசரி எடுத்து எழுதுகிறவர்களும் உண்டு, அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பஸ். காலி வீதியில் 36 கி.மீ/மணி வேகத்தில் போகிற 100 ஆம் இலக்க பஸ் 4 செக்கனில் நிற்கிறது. முதலில் அலகை மாற்றுங்கள்: மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 5 மீற்றர், ஆகவே 36 என்றால் 10 மீ/செ. அமர்முடுகல் 2.5 மீ/செ². 60 கிலோகிராம் ஆள் ஒருவரையும் பஸ்ஸோடு சேர்த்து நிறுத்த 150 நியூற்றன் வேண்டும். மாற்றாமல் 36 ஐ 4 ஆல் பிரித்தவருக்கு 9 மீ/செ² வரும், விசை 540 நியூற்றன். அது அந்த ஆளின் முழு நிறையில் பத்தில் ஒன்பது பங்கு. அப்படி பிரேக் அடித்தால் பஸ்ஸில் ஒருவரும் நிற்க முடியாது. வறண்ட தாரோட்டிலேயே ரயர்களால் அவ்வளவு பிடிக்க முடிவது கடினம்.

அந்த 150 நியூற்றன் எங்கிருந்து வருகிறது? கம்பியைப் பிடிக்காமல் நின்றால் காலடி உராய்விலிருந்துதான். செருப்புக்கும் பஸ் தரைக்கும் இடையில் உராய்வுக் குணகம் 0.4 என்றால் உச்ச உராய்வு 0.4 × 600 = 240 நியூற்றன். தேவையோ 150. போதுமான விசை இருக்கிறது. அப்படியிருந்தும் ஆள் முன்னால் விழுகிறாரே, ஏன்?

உராய்வு காலடியில் தாக்குகிறது, உடலின் புவியீர்ப்பு மையமோ அதற்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் மேலே இருக்கிறது. 150 × 1 = 150 நியூற்றன் மீற்றர் திருப்பம் (விசை × தூரம்) உடலை முன்னே புரட்டப் பார்க்கும். அதை எதிர்க்க இருப்பது தரையின் செவ்வன் மறுதாக்கம் மட்டும். அது குதிக்காலிலிருந்து விரல் பக்கம் நகர்ந்து, மையத்துக்கு முன்னால் 12 சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் போக முடியும்: 600 × 0.12 = 72 நியூற்றன் மீற்றர். 150 க்கு 72 காணாது, ஆள் முன்னே சாய்கிறார். பக்கவாட்டாகத் திரும்பி, பஸ் போகும் திசையில் ஒரு காலை முன்னுக்கும் ஒரு காலைப் பின்னுக்கும் அகட்டி வைத்தால் மறுதாக்கம் நகரக்கூடிய தூரம் கூடும். 150 ÷ 600 = 0.25 மீற்றர், அதாவது இரு கால்களுக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் இருந்தால் கம்பி பிடிக்காமலே நிற்கலாம். அனுபவமுள்ள கொண்டக்டர்மார் காசு எண்ணிக்கொண்டு நிற்கும் நிலையைக் கவனித்துப் பாருங்கள்.

அதே பஸ் 2 செக்கனில் நின்றால் தேவையான விசை 300 நியூற்றன். உராய்வு தரக்கூடிய 240 ஐத் தாண்டிவிட்டது, காலை எவ்வளவு அகட்டினாலும் வழுக்கும். கம்பியைப் பிடித்தே ஆக வேண்டும். கால்கள் ஒன்றாக, தலைக்கு மேலே, தரையிலிருந்து 1.8 மீற்றர் உயரத்திலுள்ள கம்பியைப் பிடித்திருக்கிறார் என்று வையுங்கள். கை இழுக்கும் விசையும் காலடி உராய்வும் சேர்ந்து 300. புவியீர்ப்பு மையம் பற்றித் திருப்பம் எடுத்தால், உராய்வு × 1 = கைவிசை × 0.8 + 72. இரண்டையும் தீர்த்தால் கைவிசை கிட்டத்தட்ட 127, உராய்வு 173 நியூற்றன். இங்கே ஒரு கவனம்: பொருள் ஆர்முடுகுகிறபோது திருப்பச் சமநிலையை நினைத்த புள்ளி பற்றி எடுக்க முடியாது, புவியீர்ப்பு மையம் பற்றித்தான் எடுக்க வேண்டும். காலடி பற்றி எடுத்து, கை × 1.8 = 72 என்று எழுதுகிறவர்களுக்கு, அதுவும் 72 ஐப் பிழையான பக்கத்தில் வைத்து எழுதுகிறவர்களுக்கு, 40 நியூற்றன் என்று ஒரு விடை வரும். பார்த்தால் நியாயமாகத் தோன்றும், ஆனால் முழுக்கப் பிழை.

உராய்வு என்றதும் லொறிப் பலகையையும் சொல்லிவிட வேண்டும். தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரமான லொறித் தட்டுக்கு 3 மீற்றர் பலகையைச் சாய்த்து, 100 கிலோகிராம் பெட்டியொன்றைத் தள்ளி ஏற்றுகிறார்கள். சாய்வின் சைன் 0.4, கோசைன் கிட்டத்தட்ட 0.917. பலகை வழியே நிறையின் கூறு 400 நியூற்றன், செவ்வன் மறுதாக்கம் 917, குணகம் 0.3 என்றால் உராய்வு 275. சீரான வேகத்தில் ஏற்ற 675 நியூற்றன் வேண்டும், 0.5 மீ/செ² ஆர்முடுகலுடன் என்றால் 725. தள்ளுகிறவர் கையை விட்டால் பெட்டி ஒரு கணம் நின்று, பிறகு கீழே வழுக்கத் தொடங்கும். அப்போது உராய்வு திசை மாறி மேல்நோக்கித் தாக்கும்: 400 − 275 = 125 நியூற்றன், ஆர்முடுகல் 1.25 மீ/செ². மேலே போகும்போது எழுதிய சமன்பாட்டில் தள்ளும் விசையை மட்டும் அழித்துவிட்டு, உராய்வை அதே திசையில் விட்டால் 6.75 மீ/செ² என்று வரும். அது பெட்டி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும் அந்த மிகச் சிறிய நேரத்துக்கான அமர்முடுகல், கீழே வரும் ஆர்முடுகல் அல்ல. நீளமான பலகை எடுத்தால் இந்த ஆபத்தே இல்லை. சாய்வின் தான்சன் 0.3 ஐ விடக் குறைந்தால், கையை விட்டாலும் பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். 1.2 மீற்றர் உயரத்துக்கு அது கிட்டத்தட்ட 4.2 மீற்றர் பலகை.

துறைமுகத்துப் பாரந்தூக்கியைச் சுருக்கமாகப் பார்ப்போம். முழுமையாக நிரப்பிய 40 அடிக் கொள்கலன் ஒன்றின் உச்ச மொத்தத் திணிவு வழமையாக 30 480 கிலோகிராம். அதன் நிறை ஏறக்குறைய 305 000 நியூற்றன். இரண்டரைச் செக்கனில் 1 மீ/செ வேகத்துக்கு இழுத்தால் ஆர்முடுகல் 0.4, வடங்களில் மேலதிகமாகக் கூடுவது 12 000 நியூற்றன் சொச்சம், நாலு சதவீதம். வடம் தளர்ந்திருந்து, 0.2 செக்கனில் அதே வேகத்துக்கு வெட்டி இழுத்தால் ஆர்முடுகல் 5 ஆகி, மேலதிக விசை 152 000 நியூற்றனைத் தாண்டும், ஒன்றரை மடங்கு பாரம் தூக்கியதற்குச் சமம். திணிவு மாறவில்லை, எட்டிய வேகமும் மாறவில்லை, நேரம் மட்டும்தான் சுருங்கியது. வடத்தை மெதுவாக இறுக்கியபின் தூக்குவது இதற்காகத்தான்.

திணிவே மாறிக்கொண்டிருந்தால் இந்த வடிவம் நேரடியாகப் பொருந்தாது. 1687 இல் நியூற்றன் விதியை எழுதியது இயக்கத்தின் அளவு, அதாவது உந்தம் (திணிவு × வேகம்) மாறுவதை வைத்துத்தான். திணிவையும் ஆர்முடுகலையும் கொண்டு ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதும் முறையை 1750 இல் லியோனார்ட் ஒய்லர் பொதுவான தத்துவமாக முன்வைத்தார். செக்கனுக்கு 20 கிலோகிராம் மணல் 1.5 மீ/செ வேகத்தில் ஓடும் பட்டியில் விழுகிறது என்றால், பட்டியின் ஆர்முடுகல் பூச்சியம்தான், ஆனாலும் 20 × 1.5 = 30 நியூற்றன் மேலதிக விசை வேண்டும். இப்படியான கேள்வியில் உந்த மாற்ற வீதத்துக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யும் துரொல்லிப் பரிசோதனை. இதைச் சரியாகச் செய்தால் மேலே சொன்ன முழுவதும் ஒரு நாடாவில் வந்துவிடும். துரொல்லி 500 கிராம், கப்பி வழியே தொங்கும் படி (எடைக்கல்) 50 கிராம். துரொல்லிக்குப் பின்னால் நாடா, அதில் செக்கனுக்கு 50 புள்ளி போடும் ரிக்கர் கருவி.

முதலில் உராய்வை ஈடுசெய்ய வேண்டும். படியைத் தொங்கவிடாமல், நாடாவை மட்டும் கோர்த்து, பலகையின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, துரொல்லியை மெல்லத் தட்டிவிடுங்கள். நாடாவில் புள்ளிகள் சம இடைவெளியில் விழும்வரை உயரத்தைச் சரிசெய்யுங்கள். நாடா இல்லாமல் சரிசெய்தால் போதாது, நாடா கருவிக்குள் உரசும் உராய்வும் கணக்கில் வர வேண்டும்.

பிறகு படியைத் தொங்கவிட்டு ஓடவிடுங்கள். தொடக்கத்தில் புள்ளிகள் நெருங்கிக் குழம்பியிருக்கும், அந்தப் பகுதியை விட்டுவிட்டு, தெளிவாகப் பிரியும் இடத்திலிருந்து ஐந்தைந்து இடைவெளியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் 0.1 செக்கன். 2.1, 3.0, 3.8, 4.7, 5.7 சென்ரிமீற்றர் என்று வந்தால், அடுத்தடுத்த துண்டுகளின் வித்தியாசத்தை எடுக்காதீர்கள். ஒரு மில்லிமீற்றர் வாசிப்புப் பிழை 9 மில்லிமீற்றரில் பெரிய பங்கு. முதல் துண்டையும் ஐந்தாம் துண்டையும் எடுத்து நான்கால் பிரியுங்கள்: (5.7 − 2.1) ÷ 4 = 0.9 சென்ரிமீற்றர். 0.1 செக்கனின் வர்க்கத்தால் பிரித்தால் 90 செ.மீ/செ², அதாவது 0.9 மீ/செ².

இப்போது கணித்துப் பாருங்கள். இழுக்கும் நிறை 0.05 × 9.78 = 0.489 நியூற்றன். இதை 0.5 கிலோகிராமால் பிரித்தால் 0.98 வரும், அளந்ததோடு பொருந்தாது. தொங்கும் படியும் சேர்ந்துதான் ஆர்முடுகுகிறது, ஆகவே 0.55 ஆல் பிரிக்க வேண்டும்: 0.89 மீ/செ². நாடா சொன்ன 0.9 உடன் ஒத்துப்போகிறது. இழையின் இழுவையும் 0.489 அல்ல, 0.5 × 0.89, கிட்டத்தட்ட 0.44 நியூற்றன்தான்.

விசையை மாற்றி மாற்றி வரைபு வரையும்போது மேலதிகப் படிகளை வெளியிலிருந்து எடுத்துத் தொங்கவிடக் கூடாது. 50 கிராம் படி ஐந்தை எடுத்து, நான்கைத் துரொல்லியில் ஏற்றி, ஒன்றை மட்டும் தொங்கவிட்டுத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் துரொல்லியிலிருந்து இழைக்கு மாற்றுங்கள். மொத்தத் திணிவு எப்போதும் 0.75 கிலோகிராம். விசையைக் கிடையச்சிலும் ஆர்முடுகலை நிலைக்குத்து அச்சிலும் குறித்தால் உற்பத்தி (இரு அச்சுகளும் வெட்டும் பூச்சியப் புள்ளி) வழியே போகும் நேர்கோடு வரும், அதன் படித்திறன் (சாய்வு) 1 ÷ 0.75, கிட்டத்தட்ட 1.33. கோடு விசை அச்சை வெட்டிக்கொண்டு தொடங்கினால் பலகை போதியளவு உயரவில்லை. ஆர்முடுகல் அச்சை வெட்டினால் அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள். படிகளை வெளியிலிருந்து சேர்த்தவர்களின் வரைபு நேர்கோடாகத் தொடங்கி, போகப்போகக் கீழே வளையும். எத்தனை படி தொங்கவிட்டாலும் ஆர்முடுகல் 9.78 ஐத் தாண்டாது, கொழும்பில் தானாக விழுகிற படிக்கு அதுதான் எல்லை.